அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தின் துணைக் கேள்விகள்: கொங்குப் பகுதி பிளஸ் டூ மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் 650 சொல் பொதுக் கட்டுரையை மாதக்கணக்கில் செதுக்குகிறார்கள். ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்கும் துணைக் கேள்விகளை, அதாவது சப்ளிமெண்ட்டுகளை, கடைசி வாரத்தில் அவசர அவசரமாக நிரப்புகிறார்கள். பொதுக் கட்டுரை எல்லாக் கல்லூரிக்கும் ஒன்றேதான் போகிறது. "இந்தப் பாடம் ஏன், இந்தக் கல்லூரி ஏன், நீ இங்கே வந்தால் என்ன செய்வாய்" என்பதற்கெல்லாம் இடம் துணைக் கேள்விகளில்தான் இருக்கிறது.

ஈரோடு, திருப்பூர், கோவை வட்டாரத்துப் பிள்ளைகளின் வரைவுகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அவர்கள் இடறுவது பெரும்பாலும் வரிசையில். உட்கார்ந்த உடனே ஆங்கிலத்தில் முதல் வரியைத் தேடுகிறார்கள். கேள்வி முதலில், சொல்ல வேண்டிய சரக்கு அடுத்து, ஆங்கிலம் கடைசியில். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசையில்தான் போகின்றன. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கல்லூரிப் பட்டியல், எந்தப் பாடம் என்ற முடிவு, காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையத் தளம்) கணக்கு, ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

காமன் ஆப் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று புதிய ஆண்டுக்குத் திறக்கிறது. அதற்கு முன்பே கணக்குத் தொடங்கலாம். ஆனால் பெயர், முகவரி, பள்ளி விவரம் போன்ற பொதுத் தகவல்கள்தான் புது ஆண்டுக்கு வரும். கல்லூரிவாரியாக எழுதிய பதில்கள் அழிந்துவிடும். ஜூன் மாதம் ஆர்வத்தில் பெட்டிகளை நிரப்பி ஏமாறாதீர்கள்.

காமன் ஆப்பில் 20 கல்லூரிகள் வரை சேர்க்கலாம். அத்தனையும் சேர்க்காதீர்கள். ஒரு கல்லூரிக்கு இரண்டு மூன்று கேள்வி என்றாலே 50 பதில்கள் ஆகிவிடும். பொதுத்தேர்வுக்குப் படிக்கும் ஒரு பிள்ளையால் அத்தனையையும் நன்றாக எழுத முடியாது. எட்டு, மிஞ்சினால் பத்து என்பதே என் கணக்கு.

எல்லாக் கல்லூரியும் காமன் ஆப்பில் இல்லை என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். எம்.ஐ.டி.க்குத் தனித் தளம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், டேவிஸ் எல்லாம் அடங்கிய கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் தனித் தளம், தனிக் கேள்விகள்.

2. கேள்விகளை முழுசாக வெளியே எடுங்கள்

ஒரு கல்லூரியைச் சேர்த்தவுடன் கண்ணில் படும் கேள்விகள் மட்டுமே எல்லாம் என்று நினைத்துவிடாதீர்கள். சில கேள்விகள் நீங்கள் வேறொரு கேள்விக்குப் பதில் தந்த பிறகுதான் திறக்கும். கார்னெலில் பொறியியல், வேளாண்மை என்று உட்பிரிவுக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால்தான் அதற்கான கட்டுரைக் கேள்வி வெளியே வரும். அதனால் பாடம், சேரும் பருவம், உதவித்தொகை ஆகிய பகுதிகளை முதலில் நிரப்புங்கள். கடைசி நாள் இரவில் புதிதாக ஒரு கேள்வி முளைப்பது இந்த ஒரு காரணத்தால்தான்.

எல்லாக் கேள்விகளையும் சொல் வரம்போடு ஒரே கோப்பில் நகலெடுத்து வையுங்கள். போன வருடம் விண்ணப்பித்த அண்ணன் அனுப்பிய பட்டியலை நம்பி எழுதாதீர்கள். கேள்விகள் வருடத்துக்கு வருடம் மாறும். தளத்தில் இருப்பதே கேள்வி.

3. பள்ளி நாள்காட்டியோடு பொருத்துங்கள்

முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குக் கெடு பெரும்பாலும் நவம்பர் 1. கலிபோர்னியாவுக்கு நவம்பர் 30 வாக்கில். வழக்கமான சுற்றுக்கு ஜனவரி முதல் வாரம். நமக்கோ செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, அப்புறம் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. ஜனவரி கெடு என்றால் டிசம்பரில் எழுதலாம் என்று வைத்திருப்பவர்கள் அரையாண்டுத் தேர்வில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆகஸ்ட் முழுக்கச் சரக்குச் சேர்க்கவும், காலாண்டு விடுமுறையில் முதல் வரைவுகளை எழுதவும் ஒதுக்குங்கள். ஜனவரிக் கல்லூரிகளின் பதில்களும் நவம்பர் முடிவதற்குள் வரைவு நிலையைத் தாண்டியிருக்க வேண்டும். தலைமையாசிரியர் நிரப்ப வேண்டிய பள்ளி அறிக்கைக்கும் இதே சமயத்தில் அவரிடம் சொல்லிவிடுங்கள். பல பள்ளிகளுக்கு அது புதிய வேலை. அவர்களுக்கும் நாள் வேண்டும்.

4. சரக்கைத் தமிழில் சேருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவதும் இதுதான்.

நோட்டை எடுத்துத் தமிழிலேயே வரிவரியாக எழுதுங்கள். கட்டுரை வேண்டாம். வீட்டில் உங்கள் பொறுப்பில் இருந்த வேலை, பழுதுபார்த்த பொருள், விடை தெரியாமல் மண்டையைக் குடைந்த கேள்வி, யாரோடாவது ஒத்துப்போகாமல் மாற்றிக்கொண்ட முடிவு, ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். நாளுக்கு நாலு வரி போதும். மூன்று வாரத்தில் நோட்டு நிறைந்துவிடும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் தங்களிடம் உள்ள நல்ல சரக்கை ஒளித்துவைப்பது இங்கேதான். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஒருவன் எலக்ட்ரிக்கல் படிக்க ஆசைப்பட்டான். அவனுடைய வரைவு, சிறுவயதிலிருந்தே தொழில்நுட்பத்தில் தணியாத ஆர்வம் என்று தொடங்கி, ரோபோட்டிக்ஸ் சான்றிதழில் முடிந்தது. பேச்சுவாக்கில் தறியைப் பற்றிக் கேட்டேன். (பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், ஊடை குறுக்கே ஓடும் நூல்.)

"ஊடை அறுந்தா தறி தானா நின்னுருமுங்க சார். பாவுல ஒரு நூல் அறுந்தா நிக்காதுங்க. ஓடிட்டே இருக்கும், துணியில கோடு உழுந்துரும். லீவு நாள்ல அதைப் பாத்துட்டு உக்கார்றது என்ற வேலைங்க."

"பாவு அறுந்தா ஏன் கண்ணு நிக்கறதில்ல?"

"ஊடைக்கு ஒரு ஃபோர்க் இருக்குதுங்க. நூல் இல்லைன்னா அது தட்டி நிறுத்தீரும். பாவுல அத்தனை இழை இருக்குதுங்களே, ஒவ்வொண்ணுக்கும் எதைய வெக்கறதுங்க? நான் அதையேதான் யோசிச்சுட்டு இருப்பேன்."

"இதை எழுதலையே?"

"இது ஊட்டு வேலைதானுங்க சார்."

பழைய சாதாத் தறிகளில் இருக்கும் அசல் பொறியியல் சிக்கல் அது. ஆட்டோ லூம்களில் ஒவ்வொரு பாவு இழையிலும் ஒரு மெல்லிய தகடு தொங்கும். இழை அறுந்தால் தகடு விழும், மின்சுற்று இணையும், தறி நிற்கும். அந்தப் பையன் பிறகு இதைத் தேடிப் படித்து, தன் அப்பாவின் தறிக்கு அது ஏன் கட்டுப்படியாகாது, வேறு எப்படிச் செய்யலாம் என்று நோட்டில் இரண்டு பக்கம் எழுதினான். "இந்தப் பாடம் ஏன்" என்ற கேள்விக்கு அவனிடம் இதைவிட நல்ல பதில் கிடையாது. சான்றிதழ் ஏற்கெனவே செயல்பாடுகள் பட்டியலில் இருக்கிறது. அங்கே ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துத்தான் இடம் என்றாலும், சான்றிதழுக்கு அது போதும்.

பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீட்டில், குஞ்சு இறக்கிய முதல் வாரம் கொட்டகையின் சூட்டைச் சரியாக வைப்பது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்பவரின் மகளிடம், விலை ஏறும் என்று இருப்பு வைத்து ஒரு வருடம் கைவிட்டுப்போன கதை இருக்கும். இவை எல்லாம் பதில்தான்.

ஒரு எச்சரிக்கை. கஷ்டத்தை மட்டும் அடுக்கிப் பரிதாபம் தேடாதீர்கள். கடன், வறட்சி, நோய் எதுவாக இருந்தாலும் உண்மையை ஒரு வரியில் சொல்லிவிட்டு, அதில் நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன யோசித்தீர்கள் என்பதற்கு மீதி இடத்தைக் கொடுங்கள். படிப்பவர் வகுப்பறையில் உட்காரப்போகும் ஆளைத் தேடுகிறார்.

5. கேள்வியை உடைத்துப் படியுங்கள்

ஜார்ஜியா டெக் சில ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இது: நீ தேர்ந்தெடுத்த பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறாய், அதை ஜார்ஜியா டெக்கில் ஏன் படிக்க விரும்புகிறாய்? ஒரு வாக்கியத்தில் இரண்டு கேள்விகள். வருகிற வரைவுகளில் பாதிக்கு மேல் முதல் பாதிக்கு 270 சொல், இரண்டாவதற்குக் கடைசியில் 30 சொல் என்று இருக்கும்.

கேள்வியைப் பிரதி எடுத்து, ஒவ்வொரு தனிக் கேட்பின் கீழும் கோடு போடுங்கள். பக்கத்தில் எத்தனை சொல் என்று எழுதுங்கள். எழுதுமுன் இதைச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுதிய பிறகு பிரியமான பத்தியை வெட்ட யாருக்கும் மனசு வராது.

கலிபோர்னியா பல்கலைக்கழகம் எட்டுக் கேள்விகள் தருகிறது. நாலைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் எழுத வேண்டும். நாலும் நாலு வெவ்வேறு ஜன்னல் போல அமைய வேண்டும். தலைமைப் பண்பு, திறமை, சவால், சமூகப் பணி என்று நாலிலும் அதே அறிவியல் கண்காட்சியைச் சுற்றிவந்தால் மூன்று பதில்கள் வீண். எந்தச் சம்பவம் எந்தக் கேள்விக்கு என்று முதலில் பங்கு பிரித்துவிட்டு எழுதுங்கள்.

தலைமை பற்றிய கேள்வி வந்தாலே பள்ளி மாணவர் தலைவர் பதவியை எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை. பதவியைச் சொன்னால் ஒன்றும் தெரியாது. இரண்டு பேர் ஒத்துவராத இடத்தில் நீங்கள் என்ன பேசினீர்கள், அதற்கப்புறம் என்ன நடந்தது என்றால் தெரியும்.

6. "எங்கள் கல்லூரி ஏன்?"

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வியும் இதுதான், அதிகமாகச் சொதப்புவதும் இதில்தான். உலகத்தரம், தலைசிறந்த பேராசிரியர்கள், பன்முகக் கலாச்சாரம், அழகான வளாகம். கல்லூரியின் பெயரை அழித்துவிட்டு வேறொன்றை எழுதினாலும் இந்த வரிகள் அப்படியே நிற்கும். அப்படி நிற்கும் எந்த வரியையும் அடித்துவிடுங்கள்.

தேட வேண்டிய இடம் முகப்புப் பக்கம் கிடையாது. துறைப் பக்கத்துக்குள் போய் பாடத்திட்டத்தைத் திறங்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டில் என்னென்ன பாடங்கள், இளநிலை மாணவர்கள் ஆய்வகத்தில் சேர வழி உண்டா, என்னென்ன மாணவர் குழுக்கள் இருக்கின்றன என்று பாருங்கள். ஒரு கல்லூரிக்கு ஒரு மாலை முழுசாக வேண்டும்.

பிறகு நோட்டோடு முடிச்சுப் போடுங்கள். திருப்பூரில் இருந்து வேதிப்பொறியியல் படிக்கப் போகும் மாணவி என்று வைத்துக்கொள்வோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொன்னது அவளுக்கு வீட்டில் கேட்ட கதை. இன்று கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் சாயமேற்ற உப்பு நிறையத் தேவை. தண்ணீரை மீட்ட பிறகு எஞ்சும் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. "அந்த உப்பைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்த முடியாதா" என்பது அவள் கேள்வி. இப்போது அவள் தேட வேண்டியது மிகத் தெளிவு: பிரித்தெடுத்தல் பற்றிய பாடம் எந்த ஆண்டில், சவ்வு வடிகட்டலில் எந்த ஆய்வகம் வேலை செய்கிறது, அதில் இளநிலை மாணவர்களைச் சேர்க்கிறார்களா. பின்னலாடை, ஜவுளிப் பக்கம் ஆர்வம் உள்ளவர்கள் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். அங்கே ஜவுளிக்கென்றே தனிக் கல்லூரி இருக்கிறது. வேறு பல்கலைக்கழகத்துக்கு எழுதும்போது எழுத முடியாத காரணம் அது.

பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு எழுதுபவர்கள் எல்லோரும் அதன் திறந்த பாடத்திட்டத்தை, அதாவது பொதுக் கட்டாயப் பாடங்கள் இல்லாமல் மாணவரே பாடங்களைத் தேர்ந்தெடுப்பதை, புகழ்கிறார்கள். சுதந்திரம் பிடிக்கும் என்று சொன்னால் போதாது. எந்த இரண்டு துறைகளைச் சேர்த்துப் படிப்பீர்கள், எதற்காக என்று சொல்லுங்கள்.

பேராசிரியர் பெயர் போடலாமா என்று கேட்கிறார்கள். அவருடைய ஆய்வுச் சுருக்கத்தையாவது படித்திருந்தால், அவர் இன்னும் அங்கே இருக்கிறார் என்று உறுதி செய்திருந்தால் போடலாம். பெயரை மட்டும் ஒட்டவைப்பது படிப்பவருக்கு உடனே தெரியும்.

சொல் வரம்பைப் பார்த்து அளவாக ஆசைப்படுங்கள். யேல் 125 சொல்தான் தருகிறது. அதில் இரண்டு காரணத்துக்கு மேல் சொன்னால் வெறும் பட்டியலாகிவிடும்.

7. சமூகம், பின்னணி பற்றிய கேள்வி

நீ சேர்ந்த ஒரு சமூகத்தைப் பற்றியும் அதில் உன் இடத்தைப் பற்றியும் சொல் என்று மிச்சிகன் பல்கலைக்கழகம் முன்பு சில ஆண்டுகள் 300 சொல்லுக்குள் கேட்டுவந்தது. மற்ற பல கல்லூரிகளும் இதே மாதிரி கேட்கின்றன. இங்கே கேட்பது சாதியைப் பற்றி அல்ல. நீங்கள் அன்றாடம் சேர்ந்து இயங்கும் எந்தக் கூட்டமும் சரி.

தமிழரின் தொன்மையில் தொடங்கிப் பொங்கல், மாட்டுவண்டி என்று போகும் வரைவுகள் நிறைய வருகின்றன. அதை யாரும் எழுதலாம், அதில் நீங்கள் இல்லை. கோபிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கீழ்பவானி வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது எந்தத் தோட்டத்துக்கு எத்தனை மணிக்கு மடை திறப்பது என்று தன் அப்புச்சிக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பதை எழுதினாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் நேரம் தவறியபோது அந்தச் சிட்டையைக் காட்டிப் பேசியது அவள்தான். வாய்க்கால், முறை என்றால் என்ன என்பதை ஒரே ஒரு சிறு தொடரில் விளக்கினாள். அவ்வளவு விளக்கம் போதும். ஊரைப் பற்றிய பாடம் நடத்த ஆரம்பித்தால் சொல் தீர்ந்துவிடும்.

8. 50 சொல், 35 சொல் குறும்பதில்கள்

ஸ்டான்ஃபோர்டு 50 சொல்லில் சில கேள்விகள் கேட்கிறது, யேல் அதைவிடக் குறைவாக. இவற்றில் கேள்வியைத் திருப்பிச் சொல்லாதீர்கள். முதல் சொல்லிலேயே பதில் வரட்டும். பெரிய மனிதர் தோரணை வேண்டாம். கேலியாகப் பட்டாலும் உண்மையான பதில் நல்லது. ஊத்துக்குளி ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது பெட்டிகளை எண்ணிப் பார்ப்பது உங்கள் பழக்கம் என்றால் அதையே எழுதுங்கள்.

9. சொல்லிப் பாருங்கள், அப்புறம் ஆங்கிலம்

ஒவ்வொரு பதிலையும் முதலில் தம்பியிடமோ தங்கையிடமோ தமிழில் சொல்லி, போனில் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்டால் சம்பவம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். அந்த இடத்திலிருந்து ஆங்கிலத்தில் எழுதுங்கள். அதற்கு முந்தைய முன்னுரை எல்லாம் தேவையில்லை.

உங்களுக்குத் தெரிந்த எளிய ஆங்கிலமே போதும். அகராதியில் பொறுக்கிய பெரிய சொற்கள் உங்கள் குரலை மூடிவிடும். தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். சின்ன வாக்கியம் குறை அல்ல.

சொல் மிஞ்சினால் இப்படி வெட்டுங்கள். "எட்டாம் வகுப்பு படிக்கும் காலத்திலிருந்தே என் தந்தையின் தறிக்கூடத்தில் பல்வேறு விஷயங்களைக் கற்றுக்கொள்ளும் அரிய வாய்ப்பு எனக்குக் கிடைத்தது" என்று ஒரு வரி இருந்தது. "எட்டாவதில் அப்பா என்னைப் பாவு பார்க்க உட்காரவைத்தார்" என்று மாற்றினோம். நீளம் பாதிக்கும் கீழே வந்தது, ஆளும் தெரிந்தார். வாய்ப்பு, ஆர்வம், அனுபவம், பயணம் என்ற சொற்கள் வரும் வரிகளில்தான் முதலில் கத்தரி வையுங்கள்.

10. ஒரு பதிலை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது

"பாடம் ஏன்", "சமூகம்" ஆகிய பதில்களின் உடல் பகுதியை வேறு கல்லூரிக்கும் பயன்படுத்தலாம். தொடக்கமும் முடிவும் அந்தந்தக் கேள்விக்குப் பொருந்தும்படி மாற வேண்டும். "எங்கள் கல்லூரி ஏன்" என்பதை ஒருபோதும் மாற்றி ஒட்டாதீர்கள். ஒரு கல்லூரியின் பதிலில் இன்னொன்றின் பெயர் வருவது இப்படித்தான்.

இங்கிலாந்துக்கும் சேர்த்து விண்ணப்பிப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அங்கத்துப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத் தளமான யூகாஸ், 2026 சேர்க்கையிலிருந்து தன் கட்டுரையை மூன்று கேள்விகளாகப் பிரித்துக் கேட்கிறது. மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. அதே பதில் நீங்கள் தேர்ந்தெடுத்த எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் போகும். அங்கே எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் வரக்கூடாது. படிப்பைப் பற்றியே பேச வேண்டும்.

11. யாரிடம் காட்டுவது

இரண்டு பேர் போதும். உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவர், "இது நீதானா" என்று சொல்ல. உங்கள் வீட்டுத் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர், "எங்கே புரியவில்லை" என்று சொல்ல. ஐந்தாறு பேரிடம் கொடுத்தால் ஐந்தாறு பேரின் வரி வந்துவிடும். ஆங்கில ஆசிரியரிடம் கொடுக்கும்போது இலக்கணப் பிழை மட்டும் திருத்தச் சொல்லுங்கள்.

காசு வாங்கிக்கொண்டு எழுதித்தருகிறோம் என்பவர்களை அண்டாதீர்கள். செயற்கை நுண்ணறிவு எழுதியதைத் தன் எழுத்தாகத் தருவதையும் காமன் ஆப் மோசடி என்றே வகைப்படுத்துகிறது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுபவர் நீங்கள்.

12. ஒட்டி, பார்த்து, அனுப்புங்கள்

கோப்பிலிருந்து பெட்டியில் ஒட்டும்போது பத்தி இடைவெளி, மேற்கோள் குறி சிதறலாம். ஒட்டிய பிறகு முன்னோட்டப் பிரதியைத் திறந்து ஒவ்வொரு வரியும் முழுசாக இருக்கிறதா என்று வாய்விட்டுப் படியுங்கள். கல்லூரிக்குப் போகும் பிரதி அதுதான்.

சில கல்லூரிகளுக்கு விண்ணப்பத்தை ஒரு தடவையும் எழுத்துத் துணைப்பகுதியைத் தனியாக இன்னொரு தடவையும் சமர்ப்பிக்க வேண்டும். முதலாவதை அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று மூடிவிடுபவர்கள் உண்டு. இரண்டுக்கும் எதிரே சமர்ப்பித்த குறி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காமன் ஆப்பில் கெடு என்பது உங்கள் ஊர் நேரப்படி இரவு 11:59. கலிபோர்னியாவுக்கு அந்த ஊர் நேரம். நவம்பர் 30 இரவு 11:59 என்றால் நமக்கு டிசம்பர் 1 மதியம் 1:29. இரண்டிலுமே கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

கட்டணம் கட்டும் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் அதை முதல் நாளே திறந்து, வரம்பையும் பார்த்து வையுங்கள். அனுப்பியதும் பிரதியைச் சேமியுங்கள். அடுத்த சில நாட்களில் கல்லூரி தன் இணையக் கணக்கு விவரத்தை மின்னஞ்சலில் அனுப்பும். தேவையற்ற அஞ்சல்கள் விழும் பெட்டியிலும் தேடுங்கள். அந்தக் கணக்கைத் திறந்து, ஏதாவது ஆவணம் வரவில்லை என்று காட்டினால் அன்றே அனுப்பிவிடுங்கள்.